ரசிகர் எடுத்த வீடியோ ஒரு பாடகியின் வாழ்க்கையை மாற்றுமா? இஎக்ஸ்ஐடி, ஜிஃபிரெண்ட், பிரேவ் கேர்ல்ஸ்

மே 6, மாலை. வாசகர் ஒருவரின் கேள்வி

"ரசிகர் ஒருத்தர் கூட்டத்துல நின்னு எடுத்த வீடியோவால ஒரு பாடகியோட வாழ்க்கையே மாறிடுச்சுன்னு கதை கதையா சொல்றாங்க. எனக்கு நம்பிக்கை இல்ல. கம்பெனிக்காரனே ஆள் வெச்சு எடுத்து, அவனே பரப்பிவிட்டுட்டு, அப்புறம் 'ரசிகர்'னு பேர் வெச்சுக்கறான். கே-பாப்ல, அதான் கொரியப் பாட்டு உலகத்துல, நடக்கறது முழுக்க செட்டப்தான். இல்லைங்கறவங்க ஒரு உண்மையான உதாரணம் காட்டுங்க பாப்போம்."

மே 6, இரவு

ஒன்று என்ன, மூன்று காட்டுகிறேன். முதலில் இஎக்ஸ்ஐடி.

2012 பிப்ரவரியில் ஆறு பெண்களோடு ஆரம்பித்த தென்கொரியப் பாட்டுக் குழு. சில மாதங்களிலேயே மூன்று பேர் விலகினார்கள், இரண்டு பேர் புதிதாக வந்தார்கள். சோல்ஜி, எல்லி, ஹானி, ஹேரின், ஜங்ஹ்வா என்று ஐந்து பேர் நிலைத்தார்கள். பாட்டுகள் வந்தன, போயின. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நடுவில் ஒரு வருஷத்துக்கும் மேல் குழுவாகப் புதுப் பாட்டே கிடையாது. 2014 ஆகஸ்ட் 27 அன்று 'அப் அண்ட் டவுன்' வெளியானது. கொரிய வழக்கப்படி சில வாரம் டிவி இசை நிகழ்ச்சிகளில் ஆடினார்கள். அதுவும் முடிந்தது. பாட்டு பட்டியலின் அடியில் எட்டிப் பார்த்துவிட்டு மறைந்துவிட்டது. அந்தத் தொழிலில் ஒரு பாட்டு இப்படிப் போனால் போனதுதான்.

அக்டோபர் 8 அன்று பாஜு என்ற ஊரில் ராணுவத்தினருக்கான ஒரு நிகழ்ச்சி. சியோலுக்கு வடக்கே, வடகொரிய எல்லையை ஒட்டிய ஊர். அங்கே ஒரு ரசிகர் ஹானியை மட்டும் பின்தொடர்ந்து பாட்டு முழுவதையும் எடுத்து யூடியூபில் போட்டார். ஒரு மாதத்துக்கு மேல் அது சும்மா கிடந்தது. நவம்பரில்தான் பற்றிக்கொண்டது. இணையக் குழுமங்களில் ஒருவர் மாற்றி ஒருவர் பகிர, பாட்டு மறுபடி பட்டியலில் ஏற ஆரம்பித்தது. ஓய்ந்துபோன பாட்டுக்காக டிவி நிகழ்ச்சிகள் அவர்களைத் திரும்பக் கூப்பிட்டன. 2015 ஜனவரி 8 அன்று எம் கவுன்ட்டவுன் என்ற டிவி இசை நிகழ்ச்சியில் முதலிடம். குழு பிறந்து ஏறக்குறைய மூன்று வருஷம் கழித்துக் கிடைத்த முதல் வெற்றி அது.

இதில் கம்பெனி எங்கே செட்டப் செய்தது? செட்டப் செய்யத் தெரிந்த கம்பெனியாக இருந்தால் ஆகஸ்டிலேயே செய்திருக்கும். பாட்டு செத்து, டிவி வேலையெல்லாம் முடிந்த பிறகு எல்லையோர ஊர் ஒன்றில் எதற்காகச் செய்ய வேண்டும்?

மே 7, காலை

"அந்த வீடியோ வந்ததால்தான் அந்தப் பாட்டையே வெளியிட்டார்கள்" என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். அப்படி இல்லை. பாட்டு முதலில், வீடியோ ஆறு வாரம் கழித்து. இந்த வரிசை முக்கியம். வீடியோ பார்த்தவுடன் போய்க் கேட்பதற்குப் பாட்டு தயாராக இருந்தது. மெலன் போன்ற பாட்டு கேட்கும் கொரியச் செயலிகளில் அன்று பாட்டுப் பட்டியல் மணிக்கு மணி மாறும். நூறுக்குள் ஒரு பழைய பாட்டு திடீரென்று நுழைந்தால் எல்லார் கண்ணிலும் படும். "இது என்ன, எங்கிருந்து வந்தது" என்று இன்னும் பத்துப் பேர் அமுக்கிப் பார்ப்பார்கள். அப்படித்தான் ஏறியது.

மே 7, இரவு

"ஒரு பெண் ஆடுவதை எடுத்துப் போட்டதில் என்ன பெரிய கலை? டிவியிலும் அதையேதானே காட்டினார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதைத்தான் நான் விரிவாகப் பேச ஆசைப்பட்டேன்.

நான் திருப்பூரில் கல்யாண வீடியோ எடுக்கிறவன். எடுப்பதைவிட எடிட்டிங்தான் அதிகம். வெட்டுவது எனக்குத் தினசரி வேலை. அதனால் சொல்கிறேன், டிவி காட்டியதும் ரசிகர் காட்டியதும் ஒன்றே அல்ல.

கொரிய டிவி இசை நிகழ்ச்சியை ஒருமுறை சத்தம் இல்லாமல் பாருங்கள். இரண்டு மூன்று நொடிக்கு ஒரு வெட்டு. யார் பாடுகிறாரோ அவர் முகம், அடுத்து அகலக் காட்சி, அடுத்து கிரேன் மேலிருந்து இறங்கும், அடுத்து இன்னொரு முகம். ஐந்து பேர் குழுவில் ஒருவருக்கு மொத்தப் பாட்டில் கிடைப்பது சில நொடிகள். அந்த நொடிகளும் அவர் பாடும்போது மட்டுமே. பாடாத நேரத்தில் அவர் என்ன செய்கிறார் என்பதை டிவி காட்டவே காட்டாது.

ரசிகர் இப்படி ஒருவரை மட்டும் தொடர்ந்து எடுக்கும் வீடியோவுக்கு ஃபேன்கேம் என்று பெயர். அது அதைத்தான் காட்டுகிறது. ஒரே ஆள், தலை முதல் கால் வரை, வெட்டே இல்லாமல் மூன்று நிமிடம். தன் வரி முடிந்ததும் ஓரத்துக்கு நகரும்போது முகம் தளர்கிறதா, பின்வரிசையில் நிற்கும்போது கை முழுசாக நீள்கிறதா, அடுத்த இடத்துக்கு ஓடும்போது தாளம் விட்டுப்போகிறதா, எல்லாமே தெரியும். ஹானி வீடியோவில் என்னை உட்கார வைத்தது அதுதான். யாரும் பார்க்காத நொடி என்று ஒன்று கூட அவருக்கு இல்லை. அந்தச் சின்ன மேடையில், அத்தனை வருஷத் தோல்விக்குப் பிறகும், பாட்டின் எந்த இடத்திலும் அந்தப் பெண் சும்மா நிற்கவில்லை.

வெட்டு குறையை மறைக்கும். எங்கள் தொழிலே அதுதான். மாப்பிள்ளை வீட்டுக்காரர் கொட்டாவி விட்டால் வெட்டிவிட்டு மேளத்துக்குப் போய்விடுவோம். ஆனால் வெட்டு உழைப்பையும் சேர்த்து மறைத்துவிடும். அதைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை.

ஒருவரை மட்டும் தொடர்ந்து எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். எங்கள் பக்கம் கோயில் திருவிழாவில் லைட் மியூசிக் கச்சேரி. கூடப் பாடும் பெண் ஒருவர், கோரஸ் மட்டும் பாடுகிறவர், நல்ல குரல். அவரை மட்டும் எடுத்துப் பார்க்கலாம் என்று அனுமதி கேட்டுவிட்டு மோனோபாட் (கேமராவைத் தாங்கும் ஒற்றைக்கால் ஸ்டாண்டு) போட்டு நின்றேன். ஜூம் போட்டுவிட்டால் சின்ன அசைவும் பூகம்பம். அவர் ஒரு அடி நகர்ந்தால் ஃபிரேமை விட்டே போய்விடுகிறார். முன்னால் ஒருவர் குழந்தையைத் தோளில் தூக்கினார், பாதிச் சரணம் காணாமல் போனது. சிவப்பு லைட் விழுந்ததும் ஃபோகஸ் பின்னால் இருந்த பேனருக்கு ஓடியது. மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் எடுக்க வேண்டும். அவர் அடுத்து எந்தப் பக்கம் திரும்புவார் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். பாட்டும் ஆட்டமும் மனப்பாடமாகத் தெரிந்த ரசிகரால்தான் அது முடியும். சம்பளத்துக்கு வரும் கேமராமேனுக்கு அந்தப் பொறுமை வராது. நானே சம்பளத்துக்கு எடுக்கிறவன், தெரிந்துதான் சொல்கிறேன்.

மே 8

செட்டப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. கே-பாப்பில் நிரூபிக்கப்பட்ட பெரிய மோசடி எங்கே நடந்தது தெரியுமா? புரொட்யூஸ் 101 என்ற டிவி போட்டித் தொடரில். மக்கள் ஓட்டைத் திருத்தி யார் குழுவுக்குள் வர வேண்டும் என்று தயாரிப்பாளர்களே முடிவு செய்தார்கள். 2019 நவம்பரில் கைது, 2020-ல் சிறைத் தண்டனை. நீதிமன்றம் வரை போய் முடிந்த வழக்கு. ஆக, சந்தேகப்பட வேண்டிய இடம் பெரிய கேமரா இருக்கும் இடம்.

கம்பெனிகள் ரசிகர் வேஷம் போடுவதே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஹானி வீடியோ அந்த வகை இல்லை.

மே 8, இரவு

இரண்டாவது உதாரணம், ஜிஃபிரெண்ட் என்ற கொரியப் பெண்கள் குழு. அவர்களைப் பற்றிக் கேட்ட தங்கைக்கு.

2015 செப்டம்பர் 5, காங்வான் மாகாணம் இன்ஜே என்ற ஊர். வானொலி நிகழ்ச்சிக்கான திறந்தவெளி மேடை. மழையில் தரை வழுக்கிக்கொண்டிருந்தது. 'மீ குஸ்தாஸ் து' பாட்டுக்கு ஆடும்போது யுஜு என்ற பெண் விழுகிறார், எழுகிறார், ஆடுகிறார். மறுபடி விழுகிறார். இன்னொரு பெண்ணும் விழுகிறார். ஒருமுறை விழுந்தபோது எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் ஆகிறது. நமக்கே இடுப்பு வலிக்கிற மாதிரி இருக்கும். ஆனால் எழுந்ததும் தன் இடத்துக்கு ஓடி, விட்ட இடத்தில் பிடித்துக்கொள்கிறார். பாட்டு நிற்கவில்லை.

இதை எடுத்தவரும் கூட்டத்தில் நின்ற ரசிகர்தான். சில நாளில் உலகம் முழுக்க அது செய்தி ஆனது. ஜூலையில் வந்த பாட்டு செப்டம்பரில் மறுபடி பட்டியலில் ஏறியது. அடுத்த ஜனவரியில் வந்த 'ரஃப்' பாட்டு டிவி இசை நிகழ்ச்சிகளில் 15 முறை முதலிடம் பிடித்தது. சின்னக் கம்பெனியில் இருந்த குழுவுக்கு அது சாதாரண விஷயம் இல்லை.

இதில் எனக்கு ஒரு கோபமும் உண்டு. அந்த மேடையைத் துடைக்க ஒருவருக்கும் தோன்றவில்லையா? "விழுந்தாலும் எழுந்த பெண்" என்று கைதட்டிவிட்டு எல்லாரும் நகர்ந்துவிட்டோம். பாட்டை நிறுத்தி, மாப் எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி ஆரம்பித்திருந்தால் யாருக்கு நஷ்டம்? அந்தப் பெண்ணுக்கு அப்போது 17 வயது.

மே 9

ஜிஃபிரெண்ட் ஏற்கெனவே வளர்ந்துகொண்டிருந்த குழு, அந்த வீடியோ இல்லாவிட்டாலும் மேலே வந்திருக்கும் என்று பதில் வந்திருக்கிறது. ஒப்புக்கொள்கிறேன். இஎக்ஸ்ஐடி கதையும் அதுவும் ஒரே தட்டில் நிற்காது. ஒன்று மூழ்கிக்கொண்டிருந்தவர்களைத் தூக்கியது. மற்றது ஏறிக்கொண்டிருந்தவர்களை எல்லார் கண்ணிலும் பட வைத்தது. ஜிஃபிரெண்ட் 2021 மே மாதம் கலைந்து, 2025 ஜனவரியில் பத்தாம் ஆண்டுக்காக மறுபடி கூடியபோது வந்த கூட்டம் அந்த வழுக்கல் வீடியோவுக்காக வந்த கூட்டம் இல்லை. பாட்டுக்காக வந்தது.

மே 10, ஞாயிறு

இன்று முகூர்த்தம் இல்லை. அதனால் கொஞ்சம் நிதானமாக எழுதுகிறேன். மூன்றாவது உதாரணம், பிரேவ் கேர்ல்ஸ் என்ற கொரியப் பெண்கள் குழு.

அவர்களுடைய 'ரோலின்' பாட்டு வெளியானது 2017 மார்ச். ஓடவில்லை. அடுத்த நான்கு வருஷத்தில் உறுப்பினர்கள் குறைந்து மின்யங், யுஜியோங், உன்ஜி, யுனா என்று நால்வர் மிஞ்சினார்கள். டிவி வாய்ப்பு கிடையாது. ஆனால் ராணுவ முகாம்களில் மட்டும் கூப்பிட்டார்கள். இவர்களும் போனார்கள். வடகொரியக் கரைக்குப் பக்கத்தில் மஞ்சள் கடலில் இருக்கும் பேங்னியோங் தீவு வரைக்கும் போய் ஆடினார்கள். தென்கொரியாவில் ஆண்களுக்கு ராணுவ சேவை கட்டாயம் என்பது தெரிந்ததுதான். இருபது வயதுப் பையன்கள், வீட்டை விட்டு மாதக்கணக்கில் முகாமில் இருப்பவர்கள். அவர்களுக்கு நடுவே 'ரோலின்' ஒரு தேசிய கீதம் மாதிரி ஆகிவிட்டது. சேவை முடித்துப் போகும் சீனியர் புதிதாக வரும் ஜூனியருக்குப் பாட்டைக் கைமாற்றிவிட்டுப் போவாராம். இதையெல்லாம் அந்தப் பையன்களே யூடியூபில் பின்னூட்டமாக எழுதிவைத்திருந்தார்கள். வெளியுலகத்துக்குத் தெரியாது.

2021 பிப்ரவரி 24. பின்னூட்டங்களைத் தொகுத்து வீடியோ செய்யும் யூடியூபர் ஒருவர் அந்த முகாம் நிகழ்ச்சிகளை வெட்டி ஒட்டி, மேலே அந்தப் பையன்களின் பின்னூட்டங்களை ஓடவிட்டு ஒரு வீடியோ போட்டார். பெண்கள் திருக்கை மீன் மாதிரி கைகளை அசைத்து ஆடுகிறார்கள் (அந்த அசைவுக்கே திருக்கை நடனம் என்றுதான் பெயர்). கீழே நூற்றுக்கணக்கான பையன்கள் அதே அசைவை ஆடிக்கொண்டு, தொண்டை கிழியக் கத்துகிறார்கள். குழுவைக் கலைத்துவிடலாம் என்று அந்த நால்வரும் பேசிக்கொண்டிருந்த சமயம் அது.

மார்ச் 14 அன்று இன்கிகாயோ என்ற டிவி இசை நிகழ்ச்சியில் முதலிடம். நான்கு வருஷம் பழைய பாட்டுக்கு. கோப்பையை வாங்கிக்கொண்டு அந்த நான்கு பேரும் அழுத அழுகையைப் பார்த்துவிட்டு, அந்தப் பாட்டில் ஒரு சொல் புரியாத என் அம்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என்னடா ஆச்சு இந்தப் புள்ளைங்களுக்கு, எதுக்கு இப்படி அழுவுதுங்க" என்று கேட்டார். கதை முழுவதையும் சொன்னேன். "அந்தப் பட்டாளத்துப் பசங்க நல்லா இருக்கணும்" என்றார்.

மே 10, இரவு

மதியம் எழுதியதை அனுப்பிய பிறகு ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது.

ஹானி விஷயத்தில் வெட்டே இல்லாததுதான் பலம் என்று மூன்று நாள் முன்னால் அடித்துச் சொன்னேன். பிரேவ் கேர்ல்ஸ் வீடியோ முழுக்க முழுக்க வெட்டு. போதாததற்கு அந்தக் காட்சிகளைப் பதிவு செய்ததே ரசிகர் இல்லை, பாதுகாப்புத் துறையின் சேனல் போன்ற இடங்களிலிருந்து எடுத்தவை. யூடியூபர் செய்தது எடிட்டிங் வேலை, என் வேலை. அப்படியானால் வெட்டு பற்றிய என் பேச்சு இரண்டுக்கும் பொருந்தாது.

இரண்டையும் மறுபடி பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டுப் பார்த்தேன். இப்போது எனக்குத் தோன்றுவது இது. இரண்டுமே சாட்சி. "நான் அங்கே இருந்தேன், இதைப் பார்த்தேன், இது உண்மை" என்று ஒருவர் தன் பொறுப்பில் சொல்வது. ஹானி வீடியோவில் அந்தச் சாட்சி கேமராவுக்குப் பின்னால் நிற்கிறார், மூன்று நிமிடம் கண்ணை எடுக்காமல். பிரேவ் கேர்ல்ஸ் வீடியோவில் சாட்சிகள் நூற்றுக்கணக்கில் மேடைக்குக் கீழே கத்துகிறார்கள், அப்புறம் பின்னூட்டத்திலும் வந்து சொல்கிறார்கள். கம்பெனி எவ்வளவு கோடி கொட்டினாலும் தன் பிள்ளைக்குத் தானே சாட்சி சொல்ல முடியாது. சொன்னாலும் எடுபடாது. அதனால்தான் முதல் நாள் கேட்ட நண்பரின் சந்தேகம் அவ்வளவு முக்கியம். சாட்சி பொய் என்று தெரிந்தால் எல்லாமே போய்விடும்.

மே 11

இரண்டு பேர் கிட்டத்தட்ட ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். ஒருவர் கல்லூரி ஆசிரியை. "ஹானி வீடியோ உழைப்பைக் காட்டியது என்கிறீர்கள். கோடிக்கணக்கில் பார்த்தவர்கள் உழைப்பைப் பார்க்கவா வந்தார்கள்?"

நேர்மையான பதில், பெரும்பாலோர் அதற்கு வரவில்லை. அந்த ஆட்டம் இடுப்பசைவை நம்பி அமைக்கப்பட்டது. உடையும் அப்படி. கேமரா எங்கே நிற்கிறது என்பதும் அதற்கேற்ப. நான் உழைப்பைப் பார்த்தேன் என்பது உண்மை. மற்றவர்களும் அதையே பார்த்தார்கள் என்று நான் எழுதினால் அது பொய்யாகிவிடும்.

இதில் இன்னொரு கஷ்டமும் உண்டு. அந்த மூன்று நிமிடத்தில் எது முகம், எது உடம்பு, எந்த நொடியில் நெருங்கிப் போவது என்பதை முடிவு செய்தது மேடையில் இருந்த பெண் இல்லை. வாழ்க்கையை மாற்றிய அந்த வீடியோவில் அவருக்கு ஒரு சொல் கூடச் சொல்ல உரிமை இருக்கவில்லை. கல்யாண வீட்டில் நான் எடுப்பதைப் பெண் வீட்டார் பார்த்து, "இந்த இடம் வேண்டாம் தம்பி, எடுத்துருங்க" என்று சொல்லலாம். நான் எடுத்துவிடுவேன். சங்கீத் ஆட்டத்தில் இதை அடிக்கடி சொல்வார்கள், சொல்வது நியாயம். மேடைக் கலைஞருக்கு அந்த வாய்ப்பு கிடையாது. அதே ஜூம், அதே பொறுமை, அதே மனப்பாடம், நல்ல எண்ணம் இல்லாதவர் கையில் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அப்படிப்பட்ட வீடியோக்களும் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன.

பிரேவ் கேர்ல்ஸ் விஷயத்தில் ரசிகர்கள் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். 'ரோலின்' பாட்டின் பழைய அட்டைப் படம் ரொம்பக் கவர்ச்சியாக இருந்தது. பஸ்ஸில் உட்கார்ந்து போனில் பாட்டு கேட்கவே கூச்சமாக இருக்கிறது, மாற்றுங்கள் என்று கேட்டார்கள். 2021 மார்ச்சில் கம்பெனி மாற்றியது. நான்கு வருஷம் அந்தப் படத்தை வைத்து விற்க முடியாத பாட்டு, அந்தப் படம் இல்லாமலே விற்றது.

மே 11, பின்னிரவு

தூக்கம் வரவில்லை, சோல்ஜி பற்றி எழுதாமல் விட்டது நினைவுக்கு வந்துவிட்டது.

இஎக்ஸ்ஐடியின் முக்கியப் பாடகி அவர்தான். குழுவில் மூத்தவர், அதற்கு முன் ஒரு இரட்டையர் குழுவில் பாடித் தோற்றவர், பிறருக்குக் குரல் பயிற்சி கொடுத்தவர். ஃபேன்கேம் ஹானியை உயர்த்தியது. மற்ற நால்வரும் அந்த வெளிச்சத்தின் ஓரத்தில்தான் நின்றார்கள். ஃபேன்கேமின் குணமே அது. ஒருவரைப் பார்க்க வேண்டுமென்றால் மற்றவர்களைப் பார்க்கக் கூடாது.

முதலிடம் வந்த அடுத்த மாதம், 2015 பிப்ரவரியில், கொரியப் புத்தாண்டுக்காக எம்பிசி டிவி ஒரு சோதனை நிகழ்ச்சி போட்டது. பாடகர்கள் முகமூடி போட்டுக்கொண்டு பாட வேண்டும். யார் என்று தெரியாமல் குரலை மட்டும் வைத்து ஓட்டு. அதில் ஜெயித்தது சோல்ஜி. முகமூடியைக் கழற்றியபோது நடுவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அந்த நிகழ்ச்சி அப்புறம் வாராந்திரத் தொடராகி, இன்று பல நாடுகளில் 'மாஸ்க்ட் சிங்கர்' என்ற பெயரில் ஓடுகிறது.

உடம்பை மட்டும் நெருக்கிக் காட்டிய ஒரு வீடியோ குழுவின் பெயரைத் தெரிய வைத்தது. முகத்தைக் கூட மறைத்துவிட்ட இன்னொரு மேடையில் குரல் ஜெயித்தது. இரண்டுக்கும் நடுவில் நான்கு மாதத்துக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். ஆசிரியை கேட்ட கேள்விக்கு இது பதில் ஆகாது. ஆனால் இதுவும் நடந்தது.

2016 கடைசியில் அவருக்குத் தைராய்டு கோளாறு வந்து ரொம்ப நாள் விலகியிருந்தார். 2018-ல் திரும்பினார். குழு அவருக்காகக் காத்திருந்தது.

மே 13

"கொரியாவை விட்டு வெளியே வாங்க அண்ணா" என்று ஒரு தம்பி. வருகிறேன்.

அர்னல் பினேடா. மணிலாக்காரர், சிறுவயதில் பூங்காவில் படுத்துத் தூங்கியவர். ஹோட்டல்களிலும் பார்களிலும் மற்றவர்கள் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார். அவருடைய நண்பரும் ரசிகருமான ஒருவர் அந்தப் பாட்டுகளை எடுத்து யூடியூபில் போட்டுக்கொண்டே இருந்தார். 2007-ல் அமெரிக்காவின் ஜர்னி குழுவின் கிட்டாரிஸ்ட் நீல் ஷான் புதுப் பாடகரைத் தேடி யூடியூபை அலசியபோது அந்த வீடியோக்களில் வந்து நின்றார். மின்னஞ்சல் போனது. யாரோ ஏமாற்றுகிறார்கள் என்று பினேடா நம்பவில்லை. விசா வாங்கப் போன இடத்தில் ஜர்னி பாட்டு ஒன்றைப் பாடிக் காட்டச் சொன்னார்கள் என்று அவரே பேட்டியில் சொல்லியிருக்கிறார். 40 வயதில் உலகம் சுற்றும் குழுவின் பாடகரானார். 2008-ல் வந்த அவர்களுடைய ஆல்பம் அமெரிக்கப் பட்டியலில் 5-ஆம் இடத்தில் நுழைந்தது.

ஜப்பானில் மரியா தகேயுச்சி கதை வேறு விதம். அவர் தன் நாட்டில் என்றைக்குமே பெரிய பாடகிதான். 1984 ஆல்பத்தில் வந்த 'பிளாஸ்டிக் லவ்' பாட்டை 2017-ல் முகம் தெரியாத ஒரு ரசிகர் யூடியூபில் ஏற்ற, வெளிநாட்டுக்காரர்கள் கோடிக்கணக்கில் கேட்டார்கள். வீடியோவில் அசைவே கிடையாது, ஒரே ஒரு புகைப்படம். அந்தப் புகைப்படத்தை எடுத்தவர் உரிமை கோரியதால் 2018-ல் வீடியோவே காணாமல் போய், பிறகு திரும்ப வந்தது. கம்பெனி தானே ஒரு முழு வீடியோ எடுத்து வெளியிட 2021 ஆயிற்று. ரசிகர் ஏற்றி நான்கு வருஷம் கழித்து.

மே 14

ஒரு சின்ன விஷயம். பிரேவ் கேர்ல்ஸ் 2023-ல் பழைய கம்பெனியை விட்டு வார்னர் மியூசிக் கொரியாவுக்குப் போனார்கள், பெயரை பிபி கேர்ல்ஸ் என்று மாற்றிக்கொண்டார்கள். வீடியோ கொடுத்த வெற்றி அதே உயரத்தில் நீடிக்கவில்லை. 2021 ஜூனில் வந்த 'சி மாட் பா ராம்' நன்றாக ஓடியது, அதற்குப் பிறகு இறக்கம். "அப்போ வாழ்க்கை மாறலையே" என்று யாராவது சொல்வதற்கு முன் சொல்லிவிடுகிறேன். பாட்டே வேண்டாம் என்று கலைந்து போகவிருந்த நால்வர், அதற்குப் பிறகும் சேர்ந்து பாடினார்கள். இது மாற்றம் இல்லை என்றால் எது மாற்றம்?

மே 16

ஹானியைப் பார்த்துவிட்டு டிவிக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. இப்போது எல்லாச் சேனலும் தாங்களே ஒவ்வொரு உறுப்பினருக்கும் தனித்தனியாகக் கேமரா வைத்து ஃபேன்கேம் வெளியிடுகிறார்கள். தெளிவோ தெளிவு. ஸ்டூடியோ வெளிச்சம், ஆடாத ஃபிரேம், குறுக்கே யார் தலையும் கிடையாது. ஓரத்தில் நிற்கும் பிள்ளைக்கும் தனக்கென்று மூன்று நிமிடம் கிடைக்கிறது, அதில் எனக்கு முழுச் சந்தோஷம். அப்படியும் நான் தேடிப் போவது பல்கலைக்கழக விழாவிலும் ஊர்த் திருவிழாவிலும் கூட்டத்தில் நின்று எடுத்ததைத்தான். டிக்கெட் கச்சேரிகளில் கேமராவுக்கு அனுமதி கிடையாது, இந்த மாதிரி இலவச மேடைகளில்தான் எடுக்க முடியும். பெயர் தெரியாத குழுக்கள் வயிற்றுப்பாட்டுக்கு ஆடுவதும் அங்கேதான்.

மே 17, கடைசியாக வந்த கேள்விக்கு

"என் தோழி நன்றாகப் பாடுவாள். கல்லூரி விழாவில் அவளை எடுத்துப் போடலாமா, எப்படி எடுப்பது?" என்று கேட்ட தங்கைக்கு.

முதலில் அவளிடம் கேளுங்கள். எடுத்த பிறகும் அவளிடம் முழுசாகக் காட்டிவிட்டு, சரி என்றால் மட்டும் போடுங்கள். வேண்டாம் என்றால் அழித்துவிடுங்கள், கெஞ்ச வேண்டாம். ஒத்திகைக்குப் போய் அவள் எந்தப் பக்கம் நகர்கிறாள் என்று பார்த்து வையுங்கள். போனைக் கையில் பிடிக்காமல் எதன் மேலாவது சாய்த்து நிறுத்துங்கள். ஜூமை நம்பாமல் முன்னால் போய் நில்லுங்கள், ஸ்பீக்கருக்கு நேர் எதிரே மட்டும் வேண்டாம், சத்தம் உடைந்துவிடும். எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) அவள் முகத்தில் வைத்துப் பூட்டிவிடுங்கள். பாட்டு ஆரம்பிப்பதற்குப் பத்து நொடி முன்பே ரெக்கார்ட் அமுக்குங்கள், கைதட்டல் அடங்கும் வரை நிறுத்தாதீர்கள். நடுவில் அவள் பாடாத இசைப்பகுதியையும் வெட்டாதீர்கள். கொரிய ரசிகர்கள் தலைப்பில் தேதி, பாடியவர், பாட்டு, ஊர் என்று வரிசையாக எழுதுவார்கள். பின்னால் ஒருவர் தேடினால் கிடைக்கட்டும் என்று. நீங்களும் அப்படியே எழுதுங்கள். அவளுடைய முழுப்பெயரும் கல்லூரிப் பெயரும் போட வேண்டுமா என்பதை மட்டும் அவளே சொல்லட்டும்.

விழா எப்போது என்று எழுதுங்கள். திருப்பூர், கோயம்புத்தூர் பக்கம் என்றால் என்னுடைய மோனோபாடைக் கொடுத்து அனுப்புகிறேன்.